பின்வாங்கும் குழி

சுவர் விழவேண்டும் என்று எவரும் விரும்பக் கூடாது. விரும்ப நேர்ந்தாலும் அதை முகத்தில் காட்டக் கூடாது. மட்டக்களப்பின் புளியந்தீவில், மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அந்த அறையின் விதி இதுதான். அதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்திட்ட பத்திரங்களில் கதவை எப்படிப் பூட்டுவது, கடவுச்சொல்லை எப்படிக் காப்பது என்றெல்லாம் இருந்தன, இது இருக்கவில்லை. ஆனாலும், ஒரு சுவர் எப்போது விழும் என்று கணித்துச் சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட நால்வரும், மரணவீட்டு வாசலில் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்பவர்களைப் போல, இந்த விதிக்குத் தாமாகவே பணிந்திருந்தார்கள்.

சுவர் என்பது வீட்டுச் சுவர் அன்று. ஆபிரிக்காவின் தெற்கே, பாலைநிலத்தின் ஓரத்தில், வைரம் எடுப்பதற்காகத் தோண்டப்பட்ட பெருங்குழி ஒன்று இருக்கிறது. ஒரு மலையைத் தலைகீழாக நிலத்துக்குள் அழுத்தி எடுத்தால் எஞ்சக்கூடிய பள்ளம் போன்றது அது. அதன் பக்கங்கள் படிப்படியாக வெட்டப்பட்ட பாறைச் சுவர்கள். சுவரைச் சற்றுச் செங்குத்தாக வெட்டினால் குறைந்த பாறையை அகற்றி விரைவாக வைரத்தை அடையலாம். அளவு மீறினால் சுவர் சரிந்து அடியில் வேலை செய்பவர்கள்மேல் விழும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதே மட்டக்களப்பு அறையின் வேலை. குழியின் விளிம்பில் நிறுத்தப்பட்ட ராடார் கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுவர்களைத் தடவிப் பார்க்கும். பாறை ஒரு நெல்மணியின் தடிப்பளவு முன்னே வந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும். அந்தச் செய்தி கடல் தாண்டி வாவிக்கரைக்கு வந்து திரையில் நிறமாக விரியும். அசையாத பாறை நீலம். அசையத் தொடங்கியது மஞ்சள். விரைந்து அசைவது சிவப்பு.

நால்வரில் எவரும் அந்தக் குழியை நேரில் கண்டதில்லை. வைரத்தைக் கண்டதுமில்லை. ஊர் இதை நம்ப மறுத்தது. காத்தான்குடிப் பிரதான வீதியில் நகைக்கடை வைத்திருந்த நால்வரில் ஒருத்தியான ஹப்ஸாவின் சாச்சா, அவளுடைய தந்தையின் தம்பி, அவளைக் காணும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“மகள், ஒண்டே ஒண்டு. சின்னக் கல்லு. வாப்பாக்கும் சொல்லத் தேவல்ல.”

“சாச்சா, நாங்க கல்லுக்குக் காவல் இல்ல. சுவருக்குத்தான் காவல்.”

“சரி, சுவரக் காக்கிற புள்ளைக்கு ஒரு கல்லுக் குடுக்காத மனிசனும் ஒரு மனிசனா?”

ஹப்ஸா பேராதனையில் பாறையியல் படித்துவிட்டு வந்தவள். அபாய அறிவிப்பைத் தீர்மானிக்கும் மேசை அவளுடையது. வவுணதீவிலிருந்து வரும் அஜந்தா கணக்குக்காரி, கோடுகளை வரைபவள். ஏறாவூர் ஷிஹான் கருவிகளையும் இணைப்புகளையும் கவனிப்பவன். நகைச்சுவையையும் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டவன். மூவருக்கும் மேலே அழகரத்தினம் இருந்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளக்கட்டுகளைக் காத்து ஓய்வுபெற்றவர். குளக்கட்டு உடையும் என்ற நினைப்பையே கிட்ட வரவிடாமல் முப்பது மாரியைக் கழித்த மனிதரின் முன்னிலையில், ஒரு சுவர் விழவேண்டும் என்ற ஆசை எவருக்கும் துணிந்து முகத்தில் ஏறாது. அறையின் விதி ஒருவேளை அவருடைய முகத்திலிருந்தே பிறந்திருக்கலாம்.

இந்த விதியைக் கடைப்பிடிப்பது ஹப்ஸாவுக்கு அண்மைக் காலமாகக் கடினமாகியிருந்தது. குழியில் மழை தொடங்கிய நாட்களில் அவள் ஒருமுறை சிவப்பு அறிவிப்பு விடுத்தாள். குழி முழுவதும் வெறுமையாக்கப்பட்டது. ஒரு பகல் முழுவதும் வேலை நின்றது. சுவர் மட்டும், விருந்துக்கு வந்து போகாமல் இருந்துவிட்ட உறவினரைப் போல, இருந்த இடத்தில் இருந்தது. ஈரக்காற்று ராடார் அலைகளைக் குழப்பியதால் அசையாத பாறை அசைந்ததாகத் தோன்றியிருக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அன்றுமுதல் குழியின் பொறுப்பாளர் மொலெஃபே அவர்களை ‘வானிலை நிலையம்’ என்று அழைக்கலானார். கொழும்பில் இருந்த நிறுவனத் தலைவர் ஜெயந்தன் இன்னும் சுருக்கமாகப் பேசினார். இன்னொரு பொய்ச் சிவப்பு வந்தால் அறை மூடப்படும்.

காற்றின் இந்த ஏமாற்றை வெல்ல ஒரு வழி உண்டு. அசையவே அசையாத ஒரு பாறையைத் தேர்ந்துகொண்டால், அது அசைவதாகத் தெரியும் அளவு முழுவதும் காற்றின் வேலை என்று கொள்ளலாம். அந்த அளவை மற்ற எல்லா இடங்களிலிருந்தும் கழித்துவிட்டால் உண்மை எஞ்சும். முன்பு அவர்கள் பயன்படுத்தியது தொலைவில், தென்சுவரில் இருந்த பாறை. மழைநாள் அவமானத்துக்குப் பிறகு, மேற்குச் சுவர் சுவாசிக்கும் காற்றையே சுவாசிக்கும் பாறை ஒன்று வேண்டும் என்று ஹப்ஸா முடிவு செய்து, அதன் பக்கத்திலேயே, வடக்கு மூலையில் துருத்திக்கொண்டு நின்ற ஒரு பெரும்பாறையைத் தேர்ந்தாள். எது நடந்தாலும் அசையாமல் இருந்ததால் ஷிஹான் அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்தான். அந்த ஏற்பாட்டில் அவளுக்கு மிகுந்த பெருமை இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேற்குச் சுவர் மஞ்சளைக் கடந்து சிவந்தது.

அஜந்தா கோட்டை வரைந்தாள். வேகத்தை அப்படியே வரையாமல், ஒன்றை வேகத்தால் வகுத்து வரைவது அவர்களுடைய முறை. சுவரின் வேகம் கூடக்கூடக் கோடு கீழே இறங்கும். அதன் நுனியை முன்னோக்கி நீட்டி, அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தைப் பார்த்தால், சுவர் விழும் நேரம் தெரியும். முடிவை முன்கூட்டியே வாசித்துவிட்டு அதன் வருகைக்காகக் காத்திருக்கும் இந்தக் கலையில் ஹப்ஸாவுக்கு மறைக்க முடியாத ஒரு போதை இருந்தது. கோடு பிற்பகலின் நடுவே அடிக்கோட்டைத் தொட்டது.

“சிவப்பு” என்றாள்.

அழகரத்தினம் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார். “உறுதியா, மகள்?”

“ஓம், சேர்.”

அந்தக் கணத்தில் அவளுக்குள் ஒரு மகிழ்ச்சி மீனைப்போலப் புரண்டது. உடனே பரீட்சை மண்டபத்துக்குரிய முகம் ஒன்றை எடுத்து அணிந்துகொண்டாள். திரும்பிப் பார்த்தபோது அஜந்தாவும் அதே முகத்தை அணிந்திருந்தாள்.

மொலெஃபே ஆங்கிலத்தில், மிகுந்த பொறுமையுடன் பேசினார். வானிலை நிலையம் இன்று மழையைச் சொல்கிறதா, கல்லைச் சொல்கிறதா என்று கேட்டார். கல்லை என்றாள் ஹப்ஸா. குழியின் அபாயச் சங்கு ஒலிப்பது ஒலிபெருக்கி வழியே கேட்டது. மண்வாரி இயந்திரங்களும் பாரவண்டிகளும் எறும்புச் சாரியாக மேலேறுவதை நிழற்படக் கருவி காட்டியது. பின்பு குழியில் அசைவதற்கு எதுவும் இல்லை, சுவரைத் தவிர.

காத்திருப்பு தொடங்கியது. ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்த ஷிஹான் வழமையைவிட விரைவாகத் திரும்பி வந்தான். படிகளில் ஓடி ஏறிய வேகத்தில் தொப்பியைக் கழற்றவும் மறந்திருந்தான்.

“என்ன நிலவரம்?”

“நிக்குது” என்றாள் அஜந்தா.

“ஆ. நல்லந்தானே. நிண்டா நல்லந்தானே.” நாற்காலியில் அமர்ந்து, எழுந்து, மீண்டும் அமர்ந்தான்.

“பள்ளியில என்ன கேட்டீங்க?” என்றாள் அஜந்தா.

“என்னத்தக் கேக்கிற. கைரானதத் தா, நல்லது எதுவோ அதத் தா எண்டு கேட்டன். அவ்வளவுதான்.”

“எது கைர்?”

“அது அவனுக்குத் தெரியும்.”

“மூஞ்சியப் பார்த்தா ஒங்களுக்கும் தெரியும் போல இரிக்கு.”

“அதிரிக்கட்டும். நீ மாமாங்கத்துப் பிள்ளையாருக்கு எத்தினை தேங்காய் நேர்ந்த நீ? அத மொதல்ல சொல்லு.”

அஜந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்தது.

“அது பொதுவா நேர்ந்தது” என்றாள் கடைசியில்.

ஹப்ஸா மேசைக்கு அடியில் எதையோ தேடுபவளைப் போலக் குனிந்துகொண்டாள். அழகரத்தினம் தொண்டையைச் செருமினார். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் சிரிப்பு அறையை விட்டுப் போகவில்லை. கதிரைகளுக்கு அடியில் பூனைக்குட்டியைப் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. அடக்கிய சிரிப்பு அஜந்தாவுக்கு விக்கலாக மாறியது.

கொஞ்ச நேரத்தில் கோடு தன் மனத்தை மாற்றிக்கொண்டது. இறங்கிக்கொண்டிருந்த நுனி தயங்கியது, தட்டையானது, பின்னர் மெல்ல மேலெழுந்தது. சுவரின் வேகம் குறைகிறது என்பதே அதற்குப் பொருள். வேகம் குறையும் சுவர் விழாது.

முதலில் கொழும்பிலிருந்து ஜெயந்தன் பேசினார்.

“ஹப்ஸா, எனக்கு இங்கயே தெரியுது, சுவர் ஸ்லோ ஆகுது. ரெட் அலர்ட்ட எடுங்க.”

“கொஞ்சம் பொறுங்க, சேர். பார்த்திட்டுச் சொல்ரன்.”

“போனமுறையும் இதையேதான் சொன்னீங்க.”

அடுத்து மொலெஃபே. அவருக்கும் படம் தெரிந்தது. ஆட்களையும் வண்டிகளையும் வடக்குச் சரிவுப் பாதையில், மட்டக்களப்பே சத்தியம் செய்துதந்த அந்த அசையாத பெரும்பாறையின் அடியில், பத்திரமாக வரிசைப்படுத்தி வைத்திருப்பதாகவும், சிவப்பு நீங்கிய மறுகணம் எல்லோரும் கீழே இறங்குவார்கள் என்றும் சொன்னார். கோபம் இல்லாத குரல். அதுவே ஹப்ஸாவுக்கு அதிகம் வலித்தது.

ஹப்ஸாவின் கை, சிவப்பை நீக்கும் பொத்தானை நோக்கிச் சுட்டியை நகர்த்தியது. பொத்தானை அழுத்தினால் இது இரண்டாவது பொய்ச் சிவப்பு. இந்த அறை, இந்த மேசை, ஒரு கோட்டின் நுனியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இந்த உரிமை, எல்லாம் அத்துடன் முடிந்துவிடும். அழுத்தாவிட்டால் படத்தையே மறுக்க வேண்டும். தான் வரையச் சொன்ன படத்தைத் தானே மறுக்க ஒரு காரணம் வேண்டும். அவளிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை.

“என்ன கா இது” என்றாள் அஜந்தா, விக்கலுக்கு நடுவே. “மேற்குச் சுவர் விழுகுதோ இல்லியோ, முழுக் குழியும் பின்னால போகுது.”

உண்மைதான். பாறை முன்னே வராமல் பின்னே போனால் திரை ஊதா நிறம் காட்டும். கருவியை வாங்கிய நாள்முதல் அந்த நிறத்தை அவர்கள் கண்டதில்லை. இப்போது தென்சுவர், கிழக்குச் சுவர், பல ஆண்டுகளாக யாரும் தொடாத பழைய படிகள் எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் மலர்ந்திருந்தன. வைரக்குழியின் முக்கால் பங்கு மெதுவாக மலைக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

“குழிக்கு நம்மளக் கண்டு வெக்கம் வந்திட்டுது” என்றான் ஷிஹான். “பின்வாங்குது.”

அவ்வளவுதான். காலை முதல் கட்டிவைத்திருந்தது உடைந்தது. அஜந்தா விக்கலும் சிரிப்புமாக மேசையில் தலையைக் கவிழ்த்தாள். ஹப்ஸா சிரித்தாள், கண்ணில் நீர் வழியும்வரை, வேலை போகப்போகிறது என்ற நினைவுக்கும் சேர்த்துச் சிரித்தாள். அழகரத்தினம் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்குவதை முதுகுப்பக்கம் மறைக்கவில்லை.

ஹப்ஸாவின் சிரிப்புத்தான் முதலில் நின்றது.

பாறை நிற்கும், வெடிக்கும், சரியும், விழும். மலைக்குள் திரும்பிப் போகாது. அப்படிப் போகிறது என்று திரை சொன்னால், பார்க்கும் இடத்தில்தான் ஏதோ நடக்கிறது.

“சேர்” என்றாள். “பஸ்ஸுக்குள்ள இரிந்து பார்த்தா மரமெல்லாம் பின்னால ஓடும்.”

“ஓம்?”

“மரமா ஓடுது?”

அழகரத்தினம் யன்னலிலிருந்து திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பின் மிச்சம் அப்படியே உறைந்து வேறொன்றாயிற்று.

“பெரியவர்” என்றார்.

பெரியவர் நடக்கத் தொடங்கியிருந்தார். அசையாதது என்று அவர்கள் நம்பிய பாறை, மேற்குச் சுவரோடு சேர்ந்து முன்னே வந்துகொண்டிருந்தது. அதன் அசைவைக் காற்றின் பொய் என்று எண்ணி எல்லாவற்றிலிருந்தும் கழித்ததால், அதனோடு சேர்ந்து ஓடிய சுவர் நிற்பதாகத் தெரிந்தது. உண்மையில் நின்றவை எல்லாம் பின்னால் ஓடுவதாகத் தெரிந்தன. காற்றுக்குப் பயந்து, சுவருக்கு மிக அருகில் சாட்சியைத் தேடியதன் விளைவு. அந்தச் சாட்சியின் காலடியில் மொலெஃபேயின் ஆட்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள்.

ஹப்ஸா கணக்குக்குக் காத்திருக்கவில்லை. ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். அடுத்த சில வாக்கியங்களை அவள் ஆங்கிலத்தில், வகுப்பில் பாடம் ஒப்புவிப்பவளைப் போல, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். வடக்குப் பாறை அசைகிறது. அதை அசையாதது என்று தந்தது நான். அது என் பிழை. சுவர் வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது. சரிவுப் பாதையில் நிற்கும் எல்லோரையும் இப்போதே மேலே எடுங்கள்.

நீயே சத்தியம் செய்துதந்த ஒரே பாறையை இப்போது நம்பவேண்டாம் என்று சொல்கிறாயா என்று கேட்டார் மொலெஃபே.

ஆம் என்றாள் ஹப்ஸா. தயவுசெய்து.

சங்கு மீண்டும் ஒலித்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி, சரிவுப் பாதையை விட்டுக் குழியின் விளிம்பு தாண்டிச் சமதரைக்கு ஏறின. கடைசி வண்டி மறைந்தபோதுதான் அஜந்தாவின் விக்கல் நின்றுபோயிருந்ததை எல்லோரும் கவனித்தார்கள்.

பிறகு அஜந்தா தென்சுவரின் பழைய பாறையை அடிப்படையாக வைத்துக் கணக்கைத் திரும்ப ஓட்டினாள். ஊதா முழுவதும் நீலத்துக்கு மீண்டது. மேற்கிலிருந்து வடக்குவரை, அவர்கள் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு அகலத்தில், ஒரே சிவப்பு. மேலெழுந்த கோடு மறைந்தது. அதன் இடத்தில், மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்ட பந்தைப் போல இறங்கும் கோடு ஒன்று நின்றது.

“எப்ப தொடும்?” என்றான் ஷிஹான்.

“இப்ப” என்றாள் அஜந்தா.

நால்வரும் நிழற்படக் கருவியின் படத்தைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெயிலில் காய்ந்த பாறை, வெறுமையான பாதை, அசையாத தூசி. கோடு அடிக்கோட்டைத் தொடும் நேரம் வந்தது. கடந்தும் போனது. சுவர் விழவில்லை.

அதன்பின் வந்த நேரத்தை ஒழுங்காக விவரிப்பது கடினம். அச்சமும் களிப்பும் எங்கே பிரிகின்றன என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. ஷிஹான் பகல் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த புரியாணிப் பொதி ஒன்றைத் திறந்து, ஒரு வாய் எடுத்து, மறந்து, அப்படியே வைத்துவிட்டு நடந்தான். சற்று நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தப் பொதியைத் தன் பக்கம் இழுத்து உண்ணத் தொடங்கியவர் அழகரத்தினம். வெள்ளிக்கிழமைகளில் அவர் மரக்கறி தவிர வேறொன்றும் தொடமாட்டார்.

“சேர்” என்றான் ஷிஹான் தயங்கி. “அது கோழி.”

அழகரத்தினம் கையிலிருந்ததைப் பார்த்தார். வாயில் இருந்ததை யோசித்தார்.

“இனி என்ன செய்யிற” என்று சொல்லிவிட்டு மென்று விழுங்கினார்.

அஜந்தா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஜெயந்தன் மறுபடியும் பேசினார். இம்முறை குரலில் சலிப்பு மட்டுமே எஞ்சியிருந்தது.

“நீங்க சொன்ன நேரம் தாண்டிட்டு. ரெட்ட எடுத்திட்டு, மைனுக்கு ஒரு மன்னிப்பு அனுப்புங்க.”

“சேர், கோடு தொட்ட பிறகும் சுவர் கொஞ்சம் நிண்டு விழலாம். வேகம் இன்னும் கூடுது. ஆக்கள இறக்க ஏலாது.”

“இந்த அறை மூடினா அதுக்குக் காரணம் நீங்கதான் எண்டு வெச்சிக்கொள்ளுங்க.”

“சரி, சேர். ரெட்ட எடுக்கமாட்டன்.”

அவர் இணைப்பைத் துண்டித்தார். அழகரத்தினம் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, தன் நாற்காலியை அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஹப்ஸா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மறைத்துக்கொள்ள இனி அவளிடம் அறிவும் இல்லை, வெட்கமும் இல்லை. அவள் அந்தச் சுவர் விழவேண்டும் என்று விரும்பினாள். நகத்தால், பல்லால், முழு உடம்பால் விரும்பினாள். பல்லாயிரம் வண்டிப் பாறை மனிதர் கட்டிய பாதையின்மேல், மனிதர் உழைத்த உழைப்பின்மேல் இடிந்து விழவேண்டும் என்று விரும்புவது எவ்வளவு அருவருப்பானது என்று அறிந்தும் விரும்பினாள். பக்கத்தில் மூச்சுவிடாமல் இருந்த மூவரும் அதையே விரும்பினார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அந்த விருப்பத்துக்கு ஒரு வெப்பம் இருந்தது; மின்விசிறியால் அதைக் கலைக்க முடியவில்லை. நான்கு முகங்கள் மட்டும் இரங்கற் கூட்டத்துக்கு வந்தவையாக இருந்தன.

சுவரின் அடியிலிருந்து, யாரோ கைப்பிடி அரிசியைச் சிந்தியதைப் போலச் சிறு கற்கள் உருண்டன.

“கல்லு” என்றாள் அஜந்தா, மிக மெதுவாக.

பின்னர் மேலே, படிகளுக்குக் குறுக்கே, ஒரு கறுப்புக் கீற்றுத் தோன்றி அகன்றது. சுவர் அவசரப்படவில்லை. அமர்ந்திருந்தவர் எழுவதற்குமுன் முழங்காலில் கையூன்றுவதைப் போல, முதலில் கீழே சற்றுத் தாழ்ந்தது. அதன்பின் முழு மேற்குப் பக்கமும் ஒரே துணியாக நழுவியது. பெரியவர் கடைசிவரை நின்றார். பக்கத்துப் பாறையெல்லாம் போனபிறகு, மரியாதையாகக் குனிபவரைப் போல முன்னே சாய்ந்து, வண்டிகள் வரிசையாக நின்றிருந்த சரிவுப் பாதையின்மேல் முகங்குப்புற விழுந்தார். ஒலி எதுவும் வரவில்லை, படம் மட்டும்தான். தூசி எழுந்து குழியை நிரப்பி, கருவியின் கண்ணை மூடியது.

திரை முழுவதும் சாம்பல் நிறம்.

அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து, ஒலிபெருக்கி வழியே, குழியின் வானொலி மேசையில் இருந்த பெண் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது. சில பதில்கள் உடனே வந்தன. சில இருமலோடு வந்தன. ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. அவள் இரண்டாம் முறை கூப்பிட்டாள். ஹப்ஸாவின் விரல்கள் அஜந்தாவின் மணிக்கட்டை இறுக்கின. அந்த மனிதர் தன் வானொலியை வண்டிக்குள் விட்டுவிட்டு வந்துவிட்டதாக வேறொருவர் சொன்னார். பக்கத்திலேயே நிற்கிறார் என்றார். அந்த மனிதரே பின்னால் ஏதோ சொல்ல, அங்கே பலர் சிரிப்பது கேட்டது. பெயர்கள் தொடர்ந்தன. முடிந்தன.

மொலெஃபே வந்தார். எல்லோரும் இருக்கிறார்கள் என்றார். ஒரு கீறலும் இல்லை. இணைப்பு திறந்தே இருந்தது. பாலைநிலத்துக் காற்று ஒலிவாங்கியில் உரசுவது கேட்டது.

அறையில் நால்வரும் இருந்தபடியே இருந்தார்கள். வேலை ஒழுங்குப்படி இப்போது அழகரத்தினம் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அஜந்தா கடைசிப் படத்தைச் சேமிக்க வேண்டும். ஷிஹான் ஜெயந்தனுக்கு இரண்டு வரி அனுப்ப வேண்டும். மூவரும் அவற்றைச் செய்யும் கைகளோடும், துக்கம் விசாரிக்கும் முகங்களோடும் இருந்தார்கள். ஷிஹான் கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டான். அழகரத்தினம் பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்காமலே எழுதப் பார்த்தார்.

ஹப்ஸா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது. திறந்திருந்த ஒலிவாங்கிக்கு நேராக, இடக்கையை வாயருகே குவித்து, நாவைச் சுழற்றி, அவள் குரவையிட்டாள். மாப்பிள்ளை பெண்வீட்டு வாசலில் வந்திறங்கும்போது அவளுடைய ஊரின் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எழுப்பும் அந்த ஒலியை, மெலிவும் தயக்கமும் இல்லாமல், தனியொருத்தியாக, ஒரு பாறைச் சுவர் விழுந்ததற்காக எழுப்பினாள். மருந்துக்கடையில் வரிசையில் நின்றவர்கள் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள்.

“மகள்” என்றார் அழகரத்தினம். “மைக் திறந்திரிக்கு.”

“தெரியும், சேர்” என்றாள் அவள், சிரித்துக்கொண்டு. இரண்டாவது குரவையை முன்னதைவிட உரக்க இட்டாள்.

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் காற்றை மட்டும் தந்தது. பின்னர், பெயர்களைக் கூப்பிட்ட அந்தப் பெண், கடலுக்கு அப்பாலிருந்து, அதே நாச்சுழற்சியில், இன்னும் நீளமாகப் பதில் குரவையிட்டாள்.

ஹப்ஸா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மூன்றாவதைத் தொடங்கினாள்.